அவரு சாவி

ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஈர மணல் கிடந்தது. இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. திருவானைக்காவலில் மழை பெய்து இருபது நாளாகிறது. அன்புச்செல்வன் விரலால் தொட்டு முகர்ந்தான். ஆற்று வாடை அடித்தது.

வண்டி யமுனாவின் முதல் புருஷன் மருதையுடையது. நாலு வருஷத்துக்கு முன் கொள்ளிடக் கரையில் இதை நிறுத்திவிட்டுக் குளிக்க இறங்கியவன், மூன்றாம் நாள்தான் பிணமாகக் கிடைத்தான். செத்தவனோடு என்னடா சக்களத்திச் சண்டை என்று ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். அன்புச்செல்வனுக்கு வயிறு எரிந்தது. கல்யாணமான இந்த ஒரு வருஷத்தில் அவள் இவன் முகத்தைப் பார்த்ததைவிட அந்த வண்டியைத் துடைத்ததுதான் அதிகம். இவன் தென்னூர்க் கடைக்குக் கிளம்பியதும் இதை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிறாள், வேறென்ன? சாவி போடும் ஸ்விட்சையே மாற்றிவிடப் போவதாக அவளிடம் சொன்னான்.

"நான் வண்டிய எடுக்கவே இல்லைங்க," என்றாள் யமுனா. "ஸ்விட்ச மட்டும் மாத்திடாதீங்க. அது அவரு சாவி."

அந்த 'அவரு'தான் சுருக்கென்று தைத்தது. ஊரில் பெண்கள் புருஷனை அவரு என்பார்கள். இவளுக்கு அவரு என்றால் இன்னமும் மருதைதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் புது ஸ்விட்சோடு வாசலில் உட்கார்ந்தான். அதன் இரண்டு சாவிகளும் தன் சட்டைப்பையில். முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றினான். பிறகு முன்மூடியைத் திறந்து திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தும்போது, சித்திரை வெயிலில் கொதிக்க வேண்டிய இரும்பு கிணற்றுக்கல்லைப் போல விரலில் சில்லிட்டது, ஆயில் வாடைக்கு அடியிலிருந்து பாசி வாடை மெல்லக் கிளம்பியது, தெருவில் கத்திக்கொண்டிருந்த காக்கைகள் ஓய்ந்தன.

பழைய ஸ்விட்சைச் சாவியோடு பிடுங்கித் தரையில் வைத்தான்.

"இனிமே எப்படி வர்றேன்னு பாக்குறேன்," என்றான், மருதையிடம்.

தரையில் 'டிக்' என்று சத்தம்.

ஒயரில்லாத ஸ்விட்ச். அதில் சாவி திரும்பியிருந்தது.

விளக்கு எரிந்தது. பாட்டரி ஒயர் கழன்றேதான் கிடந்தது. என்ஜின் உறுமியது. ஸ்டாண்டு மடங்கியது. ஆள் உட்கார்ந்த மாதிரி ஸ்பிரிங் அமுங்கியது.

யமுனா வெளியே வந்தாள். தலை நிறையப் பூ. முகமெல்லாம் சிரிப்பு. தன்னைப் பார்த்து ஒருநாளும் இப்படிச் சிரித்ததில்லையே என்று, அந்த நேரத்திலும் அவனுக்குப் பொறாமைதான் முதலில் வந்தது.

"வேணாம் யமுனா! ஏறாத!"

அவள் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தாள்.

"போறேங்க," என்றாள். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.

அவன் கேட்டுக்கு ஓடினான். பட்டப்பகல். வண்டி கொள்ளிடம் பக்கம் திரும்பியது. முன்னால் யாருமில்லை. அவள் கை யாருமில்லாத இடத்தை வளைத்துப் பிடித்திருந்தது. சாய்த்திருந்த கன்னம் வெறுங்காற்றில் அழுந்தித் தட்டையாகியிருந்தது.