வாயை மட்டும் அசை

எக்பெர்ட் இறந்த மறுநாள் மாலை ஜெபத்தில், லாம்பெர்ட்டின் உதடுகள் அசைந்தபோது ஒரு குரல் கேட்டது.

கேட்டிருக்கக் கூடாது. லாம்பெர்ட் பாடுவதில்லை. வின்டர்ரீட் மடத்தில் சேர்ந்த புதிதில் அவனுடைய கரகரத்த குரலைக் கேட்டு முகம் சுளித்த பாடல் தலைவர் எக்பெர்ட், "நீ வாய மட்டும் அசை, போதும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வருஷக்கணக்காக, அவருக்கு அடுத்த இருக்கையில் நின்று, காற்றை மென்று விழுங்குகிறவனைப் போல வாயசைத்துவிட்டு, ரொட்டி சுடும் அடுப்புக்குத் திரும்பிப் போவதே அவன் வழக்கம்.

இன்று எக்பெர்ட்டின் இருக்கை காலி. மெழுகுப் புகையும் ஈரக் கம்பளி அங்கிகளின் வாடையும் கலந்து கிடந்த ஆலயத்தில், கூரையிலிருந்து பனி பெயர்ந்து விழும் மெத்தென்ற சத்தத்துக்கு நடுவே, மெல்லிய, தெளிந்த குரல் ஒன்று அவன் உதடுகளோடு சேர்ந்து வேதாகமச் சங்கீதத்தைப் பாடியது. உதடுகளை நிறுத்தினான். குரலும் நின்றது.

மறுநாள் காலை, மணியடிக்கும் கேரோ வழக்கம்போல அடுப்படிக்குள் நுழைந்து, ரொட்டியின் கருகிய விளிம்பு ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

"என்னண்ணே, நேத்து பாடினது நீங்களா? பெரியவர் போன மறுநாளே தைரியம் வந்துருச்சாக்கும்!"

"நான் பாடல."

"உங்க பக்கத்துலேருந்துதான் வந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு, ஏன் மறைக்கிறீங்க? அது சரி, கையில என்ன கட்டு?"

"அடுப்பு சுட்டுருச்சு."

"பாத்து இருங்கண்ணே. உங்க கை போச்சுன்னா நாங்கெல்லாம் பட்டினி." கேரோ சிரித்துக்கொண்டே போனான். அந்த மடத்தில் லாம்பெர்ட்டைப் பார்க்கவென்று அடுப்படிக்கு வருகிறவன் அவன் ஒருவன்தான்.

துணிக்கட்டுக்கு உள்ளே இருந்தது தீக்காயமல்ல. பற்குறி.

அவர் இறந்த அன்று, மணிக்கூண்டுப் படியில் எதேச்சையாகத்தான் எக்பெர்ட் எதிரே வந்தார். ஆயர் வரப்போகும் திருவிழாவைப் பற்றிச் சொன்னார். "அன்னிக்கு நீ ஆலயத்துக்கே வராத. வாயசைக்கிறதும் வேண்டாம். பாக்கவே சகிக்கல." சாதாரணமாக, வேறெதையோ யோசித்தபடி சொன்னார். லாம்பெர்ட் தள்ளினான். கழுத்து கல்லில் இடிபட விழுந்த மனிதர் சாகவில்லை. உதவிக்குக் கூப்பிட வாய் திறந்தார். அந்த வாயை லாம்பெர்ட்டின் உள்ளங்கை மூடியது. கடித்தார். அவன் எடுக்கவில்லை. கைக்கடியில் முனகல் ஒன்று வெகுநேரம் அதிர்ந்து, தேய்ந்து, அடங்கும்வரை எடுக்கவில்லை.

சாவை விசாரிக்க ஆயர் அனுப்பிய புர்க்கார்ட் பனிப்பாதையில் கழுதைமேல் வந்து சேர்ந்தார். சளி பிடித்த, கண்கள் கலங்கிய முதியவர். படிகளைப் பார்த்தார், பிணத்தைப் பார்த்தார், ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்.

"அந்த ஆளு உன்னப் பாடவே விடலியாமே. கோவம் வரலியா உனக்கு?"

"பழகிப்போச்சு சாமி."

புர்க்கார்ட் மூக்கைச் சிந்திக்கொண்டு தலையாட்டினார். அவர் மனம் வேறு இடத்தில் இருந்தது. பிணத்தை முதலில் கண்டவன் கேரோ. மணியைத் தாமதமாக அடித்ததற்கு எக்பெர்ட் திட்டியபோது, "ஒருநாள் இந்தக் கயித்த உங்க கழுத்துலயே மாட்டிவிடுறேன் பாருங்க" என்று சாப்பாட்டுக் கூடத்தில் விளையாட்டாகச் சொன்னவனும் கேரோ. அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். இப்போது எல்லாருக்கும் அது ஞாபகம் வந்தது.

"கொன்னவன் கை பட்டா பொணம் ரத்தம் விடும்" என்றார் புர்க்கார்ட். "எல்லாரும் தொடுங்க."

விறைத்துப் போயிருந்த எக்பெர்ட்டை ஆலய நடுவே கிடத்தினார்கள். குளிருக்காகச் சுற்றிலும் தணல் நிறைந்த கரிச்சட்டிகளை வைத்தார்கள். துறவிகள் வரிசையாக வந்து, வெற்று மார்பில் கை வைத்து, சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள்.

லாம்பெர்ட்டின் முறை வந்தது. வலது கையைத்தான் வைக்க வேண்டும் என்றார்கள். துணிக்கட்டை அவிழ்த்து, உள்ளங்கை யார் கண்ணிலும் படாமல் கவிழ்த்து வைத்தான். ரத்தம் வரவில்லை. ஆனால் அடித்து ஓய்ந்த மணியைத் தொட்டால் உணர்வோமே, அதுபோல ஓர் அதிர்வு அந்தக் குளிர்ந்த மார்புக்குள்ளிருந்து கிளம்பி, பற்குறி வழியாக நுழைந்து, முழங்கை, தோள் என்று ஏறி, அவன் தொண்டையில் வந்து உட்கார்ந்தது. கையை எடுத்தான். பிணம் வெறும் பிணமாகக் கிடந்தது.

கடைசியில் வந்தவன் கேரோ. அதற்குள் கரிச்சட்டிகளின் சூட்டில் எக்பெர்ட்டின் முகம் வியர்த்ததுபோல் ஈரமாகியிருந்தது. கேரோ தொட்டான். பிணத்தின் மூக்கிலிருந்து கறுத்த கோடு ஒன்று மெல்ல இறங்கி உதட்டைத் தொட்டது.

"இல்ல... சாமி, நான் இல்ல! அண்ணே, நீங்களாவது சொல்லுங்கண்ணே! அன்னிக்கு நான் உங்க அடுப்படியிலதான இருந்தேன்? நீங்க வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தேனே!"

அத்தனை முகங்களும் லாம்பெர்ட் பக்கம் திரும்பின. உறைந்த மாமிசத்தை அடுப்புக்கு அருகே வைத்தால் என்ன ஒழுகும் என்று அவனுக்குத் தெரியும். கேரோ சொல்வது உண்மை என்றும் தெரியும். அன்று மணிக்கூண்டிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது அவன் அடுப்பருகே கால்நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை போதும்.

பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

மணிக்கூண்டுக்கு அடியிலிருந்த நிலவறையில் கேரோவை இறக்கி வாசலைக் கல்லால் அடைத்தார்கள். ரொட்டி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை மட்டும் விட்டார்கள். உயிர் இருக்கும்வரை அந்த ஓட்டைதான் அவனுக்கு உலகம். ரொட்டி கொண்டுபோகும் வேலை, சுடுகிறவனுக்கே வந்தது.

முதல் நாள் லாம்பெர்ட் ரொட்டியை வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டான். அடுத்த நாளும் அப்படித்தான். எவ்வளவு குடித்தாலும் தொண்டையில் அடைப்பு விலகவில்லை. விழுங்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ நகர்ந்து இடம் கொடுத்தது. அடுப்படியில் வாய்மூடி மாவு பிசையும்போது, மூடிய பற்களுக்குப் பின்னால் யாரோ சுருதி பிடிப்பது கேட்டது.

அப்புறம் ஒருநாள் நண்பகலில், பனி வெளிச்சத்தில் உலகமே வெளுத்துக் கிடந்தபோது, லாம்பெர்ட் முடிவெடுத்தான். சொல்லிவிட வேண்டும். முதலில் கேரோவிடம். பிறகு மடாதிபதியிடம். பிறகு என்ன செய்தாலும் செய்துகொள்ளட்டும்.

ஓட்டையின் முன் மண்டியிட்டான். உள்ளேயிருந்து ஈரமண் வாடையும் மூத்திர வாடையும் வீசின. இருட்டில் கேரோவின் முகம் மெல்ல அருகே வந்தது. கன்னம் ஒட்டியிருந்தது.

"அண்ணே. வந்துட்டீங்களா. கொஞ்ச நேரம் பேசிட்டுப் போங்கண்ணே. ஒரு பேச்சுக்குரல் கேட்டாப் போதும்."

லாம்பெர்ட்டின் கண்ணில் நீர் வந்தது. நான்தான் கொன்றேன். சொல்ல வாய் திறந்தான்.

பாட்டு வந்தது.

தெளிந்த, உயர்ந்த குரல். இறந்தவர்களுக்கான சங்கீதம். நிறுத்தப் பார்த்தான். தாடை மூடவில்லை. நாக்கு அவன் சொன்னதைக் கேட்கவில்லை. நான்தான். நான்தான். உள்ளே கத்தினான். வெளியே பாட்டு.

பின்னால் காலடிகள். பனியில் ஓடிவரும் சரசரப்பு.

"எக்பெர்ட் குரல் மாதிரியே இருக்கே!"

"நம்ம லாம்பெர்ட்டா பாடுறான்? ஆண்டவரே!"

மடாதிபதி அழுதார். புர்க்கார்ட் தொப்பியைக் கழற்றினார். "கொன்னவன் மாட்டிக்கிட்டான்ல. பெரியவர் ஆத்மா சாந்தியாயிருச்சு" என்றார். ஒவ்வொருவராகப் பனியில் மண்டியிட்டார்கள். லாம்பெர்ட்டின் முதுகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

முகம் தெரிந்தது கேரோவுக்கு மட்டும்.

பனி வெளிச்சம் சாய்வாக விழுந்து, அகலத் திறந்த அந்த வாயின் உள்ளே போயிருக்க வேண்டும். கேரோவின் பார்வை லாம்பெர்ட்டின் கண்களிலிருந்து இறங்கி, உதடுகளைத் தாண்டி, பற்களைத் தாண்டி, தொண்டையில் போய் நின்றது. நின்ற இடத்தில் அகன்றது. அவன் பின்னால் நகர்ந்தான். சுவரில் இடித்துக்கொண்டான்.

"அண்ணே..." என்றான், மிகச் சன்னமாக. "அது என்னையப் பாக்குது."

பாட்டு நிற்கவில்லை.

இருட்டில் கேரோவின் கைகள் தரையைத் துழாவின. ஒரு கல் அகப்பட்டது. அழுதுகொண்டே, நகம் பெயர, உலகத்திலிருந்து தனக்கு மிச்சமிருந்த அந்த ஒரே ஓட்டைக்குள், அதை உள்ளிருந்து திணித்து அடைத்துக்கொண்டான்.