தொட்டிக்குள் சொல்லக் கூடாதது

பழைய தண்ணீர்த் தொட்டியின் வாசலில் வேன் நின்றபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. ஊர் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு அதுதான் கடைசி இடம். பொம்மைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரி, தலைகீழாகக் கட்டிய வீடு, முள் பின்னோக்கிச் சுற்றும் மணிக்கூண்டு எல்லாம் காட்டிவிட்டு, களைத்துப்போன கூட்டத்தை இங்கே இறக்கிவிட்டால் வழிகாட்டியின் அன்றைய பாடு தீர்ந்தது. கூட்டம் எதிரே இருக்கும் விடுதிக்கு நடந்தே போய்விடும்.

வழிகாட்டிக்கு ரேடியோ என்று பட்டப்பெயர்; வேன் ஓட்டுவதும் அவன்தான். வாயைத் திறந்தால் மூட மாட்டான். சாவு வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவான். பள்ளி விடுமுறை என்பதால் அன்று மகளையும் கூட்டி வந்திருந்தான். ஒற்றைப் பிள்ளை. அவள் முகம் சுண்டினால் அவனுக்குச் சோறு இறங்காது.

தொட்டி தரைக்கடியில் இருந்தது. ஒரு காலத்தில் ஊருக்கே குடிநீர் கொடுத்த இடம். இப்போது வரிசை வரிசையாகத் தூண்கள், பாசி நாற்றம், மூலையில் கணுக்கால் அளவுத் தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் உள்ளே எதைச் சொன்னாலும், மறந்தே போன பிறகு அது திரும்பி வரும். அந்த எதிரொலிக்காகத்தான் கூட்டம்.

அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேறெங்கும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் கிளம்பாதவர்கள், இந்தப் படியில் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு ஏறுவார்கள். முன்னொரு நாள் இரண்டு பெண்கள் அடியில் சேறு அள்ளிக்கொண்டிருந்தார்களாம். ஒருத்தி கயிறு எடுக்க மேலே வந்தாள். 'இரு, வரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். அதற்குள் யாரோ மதகைத் திறந்துவிட்டார்கள். கீழே இருந்தவள் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாள் என்பது பேச்சு.

இதை ரேடியோ கண், காது, மூக்கு வைத்துக் கூட்டத்துக்குச் சொல்வான். பயந்தவர்களைக் கேலியும் செய்வான். ஆனால் அவனும் வாயைத் திறக்காமல்தான் ஏறுவான். மகளிடம் மட்டும் சொல்ல மறந்துவிட்டான்.

கூட்டம் கத்தி, சிரித்து, மேலே ஏறிவிட்டது. மகள் கடைசிப் படியில் திரும்பி, இருட்டைப் பார்த்துக் கையசைத்தாள். அம்மா பழக்கியிருந்த மரியாதை.

"போயிட்டு வரேன்."

எதிரொலி வரவில்லை.

ரேடியோ நின்றான். அவன் காத்திருந்த நேரத்துக்கு ஒரு முழுப் பாட்டே திரும்பி வந்திருக்கும்.

"யாருகிட்டம்மா சொன்னே?"

"அந்த அத்தைகிட்ட. தூணுக்குப் பின்னாடி நின்னாங்களேப்பா. திரும்ப வருவியான்னு கேட்டாங்க."

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி வேனில் உட்கார வைத்தான். டிக்கெட் கொடுக்கும் அக்காவிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை. முன்பு சுண்ணாம்பு அடிக்க வந்த ஒருவன் வாய் தவறி இப்படிச் சொன்னானாம். வீட்டில் எவ்வளவு தடுத்தும் நிற்காமல் திரும்பி வந்தானாம். கணுக்கால் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தானாம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே வேன் கதவு திறந்தது. மகள் தொட்டியை நோக்கி நடந்து வந்தாள்.

"வழி விடுங்கப்பா. வரேன்னு சொல்லிட்டேன்ல?"

அவள் குரலில் பிடிவாதம் இல்லை. அவன் குறுக்கே நின்றும் அவள் நிற்கவில்லை. அக்கா அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் கீழே இறங்கினான்.

உள்ளே காலடிச் சத்தம்கூடத் திரும்பி வரவில்லை. பாசி நாற்றத்தோடு ஈரத் தலைமுடியின் வாடையும் சேர்ந்திருந்தது. தூண்களுக்குப் பின்னால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

ஒரு தூண் தள்ளி.

பிறகு, அடுத்த தூணில்.

ஊரையே பேச்சால் கட்டிப்போட்டவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மகளுக்காக அதைப் பிய்த்தெடுத்தான்.

"சின்னப் புள்ளைம்மா. தெரியாம சொல்லிட்டா. அவ வர மாட்டா. அவளை எதிர்பாக்காதீங்க."

சொட்டுவது நின்றது.

அவன் கைகூப்பி நின்றான். ஒரு தகப்பன் இதற்கு மேல் என்ன கேட்க முடியும்?

காதோரத்தில், மிகவும் பணிவாக, ஒரு பெண்குரல் கேட்டது.

"சரிங்க. அப்ப நான் வரேன்."

எப்படி மேலே வந்தான் என்று அவனுக்குத் தெரியாது. மகள் அக்காவின் தோளில் தூங்கி விழித்தவள்போல் இருந்தாள். பசிக்கிறது என்றாள். தொட்டிப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. அவன் அவளை அணைத்து, நெற்றியில் முத்தமிட்டு, வேனின் பின் இருக்கையில் உட்கார வைத்து, வண்டியைக் கிளப்பினான். வீதியில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. மனிதர்கள், கடைகள், சிக்னல். பிள்ளை தப்பித்தாள் என்று மனம் ஆறியது. வாய் தானாகவே ஏதோ பாட்டை முணுமுணுத்தது.

பின்னால் மகள் ஜன்னலோரமாகத் தள்ளி உட்காரும் சத்தம் கேட்டது.

"அப்பா, கண்ணாடிய ஏத்துங்க. அத்தைக்குக் குளிருதாம்."