வீட்டார் பட்டியல்

அனுவைத் தூளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் எழில் அதைக் கவனித்தாள். வாசற்கதவுக்குப் பக்கத்துச் சுவரில், சோப்புப் பெட்டியைவிடச் சற்றே பெரிதான அந்த வெள்ளைப் பெட்டியின் திரையில், பச்சை எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. அனு, கூடம். எழில், சமையலறை.

அவள் கூடத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை இன்னும் தூளியின் விளிம்பைப் பிடித்திருந்தது. சமையலறையிலிருந்து குழாய் சொட்டும் சத்தமும், அடுப்பிலிருந்து இறக்கிய குக்கர் ஆறும்போது எழும் மெல்லிய முனகலும், பகல் வெயிலில் சூடேறிய சுவர்களின் சுண்ணாம்பு வாசனையும், தெருக்கோடியில் சவுக்குத் தோப்பைத் தாண்டி வரும் கடலின் இரைச்சலும் வந்துகொண்டிருந்தன. திரையில் மூன்றாவதாக ஒரு வரியும் இருந்தது. விருந்தினர் ஒருவர், கூடம்.

அந்த விருந்தினர் தான்தான் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

பெட்டி வரதனுடைய கண்டுபிடிப்பு. கேமரா கிடையாது. வீட்டுக்குள் கேமரா இருந்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் நிம்மதி இருக்கும் என்று அவன் கேட்பான். அறைக்கு ஒன்றாகச் சுவரில் பதித்த சிறு கருவிகள் கண்ணுக்குத் தெரியாத அலைகளை அனுப்பி, ஆள் நடப்பதையும் மூச்சு விடுவதையும் வைத்து யாரென்று சொல்லிவிடும். முதல் ஏழு நாள் அது யாரையும் தடுக்காது. வீட்டில் யார் நடமாடுகிறார்களோ அவர்களைப் பார்த்துப் பழகி, வீட்டார் என்று பட்டியலில் எழுதிக்கொள்ளும். அதன்பின், பூட்டைப் போட்டிருக்கும்போது வெளியிலிருந்து வேறு யார் வந்தாலும் ஊரைக் கூட்டும். கேளம்பாக்கத்தில் மூன்று பேர் உட்காரும் ஓர் அலுவலகத்தில் மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த பெட்டி. சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில், பாதி வீடுகள் பூட்டிக் கிடந்த இந்தப் புது மனைப்பிரிவில், சொந்த வீட்டிலேயே அதைச் சோதித்துக்கொண்டிருந்தான். அப்போது எழில் இல்லை. வளைகாப்பு முடிந்து ஊரப்பாக்கத்துத் தாய்வீட்டுக்குப் போனவள், குழந்தைக்கு ஐந்து மாதம் முடிந்து, போன ஞாயிற்றுக்கிழமைதான் திரும்பியிருந்தாள்.

அவனுக்குப் போன் செய்தாள்.

"ஏங்க, உங்க பெட்டி என்னை சமையலறையில காட்டுது. நான் கூடத்துல நிக்கிறேன்."

அவன் சிரித்தான். பின்னால் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. பெட்டியைப் பழக்கிய அந்த ஏழு நாளும், வேலைக்காரியைக்கூட வர வேண்டாமென்று சொல்லிவிட்டு, அவன் தனியாகத்தான் இருந்தானாம். முடிவில் பட்டியலில் இரண்டு பேர் இருந்தார்களாம். வீட்டார் ஒன்று, வீட்டார் இரண்டு. இரண்டாவது தன்னுடைய தூக்க மூச்சாகத்தான் இருக்கும், பெட்டி குழம்பியிருக்கிறது என்று நினைத்து அழித்தானாம். மறுநாளே திரும்ப வந்ததாம். மாதக்கணக்கில் அழித்துப் பார்த்துச் சலித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்து வந்தவுடன் அந்த இடத்தில் அவள் பெயரைப் போட்டுவிட்டானாம்.

"சும்மா கெடந்த எடத்துல உன் பேரப் போட்டேன், அவ்வளவுதான். கொஞ்ச நாள்ல அதுவே உன்னக் கத்துக்கும்."

"சும்மா கெடந்துச்சா, இல்ல யாராவது இருந்தாங்களா?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். இரண்டு மணிக்குப் பெட்டியை வாங்குகிற கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், நம் வீட்டுப் பெட்டியின் திரையைத்தான் நேரலையில் காட்டப் போகிறேன், அதற்காகப் பூட்டையும் சைரனையும் இங்கிருந்தே போட்டுவிடுவேன், இன்றைக்கு மட்டும் அதைத் தொடாதே என்றான். கெஞ்சுவதுபோல் இருந்தது. சரி என்று வைத்தாள்.

வெளியே வாசலைக் கழுவி முடித்துப் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வச்சலா உள்ளே வந்தாள். பக்கத்து மீனவர் குப்பத்துப் பெண். எழில் இல்லாத மாதங்களிலும் வந்து பெருக்கித் துடைத்துவிட்டுப் போனவள். எழில், தன் குரல் சாதாரணமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, தான் இல்லாதபோது வீட்டுக்கு யாராவது வந்து போனார்களா என்று கேட்டாள்.

வச்சலா தூளியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"நான் இன்னாத்தக்கா சொல்றது. சார் ஆபீசு போனப்பறம்தான் நான் வருவேன். உள்ள ஒருத்தர் கீதுன்னு பொட்டில காட்டும்."

"நீ பாத்தியா?"

"மூஞ்சியப் பாக்கலக்கா. நான் கூடத்தப் பெருக்கசொல்ல அவங்க உள் ரூமுக்குப் பூடுவாங்கோ. நான் உள்ள போனா சமையக்கட்டுக்கு. பொட்டில அப்டித்தான் மாறி மாறி காட்டும். சரி, வெக்கப்படற பொம்பள போலன்னு வுட்டுட்டேன். பெரிய எடத்து வெவகாரம், எனுக்கு இன்னாத்துக்கு?"

எழிலுக்கு முகம் சுட்டது. வச்சலா அதைப் பார்த்துவிட்டு, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு மேலும் சொன்னாள்.

"கெட்டவங்களா தெரிலக்கா. நீ வர்றதுக்கு மின்னாடியே உன் பழைய பொடவய எடுத்து இந்தத் தூளிய கட்டி வச்சாங்கோ. கொழந்த வரப்போவுதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது."

வச்சலா போனபின் எழில் வெகுநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை உள்ளே நுழைந்ததும் அந்தத் தூளியைப் பார்த்து அவள் கண் கலங்கியிருந்தாள். ஓர் ஆணியைக்கூட நேராக அடிக்கத் தெரியாதவன் தனக்காக இதைக் கட்டி வைத்திருக்கிறான் என்று அன்றிரவு அவன் தோளில் முகம் வைத்துப் படுத்திருந்தாள். அவனும் எதற்கென்று கேட்காமல் முதுகைத் தடவிக்கொடுத்தான். அவன் கட்டவில்லை. கட்டியவள் ஒருத்தி இருக்கிறாள்.

எழுந்து தேடினாள். அலமாரி இடுக்கு, குளியலறை மூலை, கண்ணாடி விளிம்பு, தலையணை உறைகள். ஒரு நீளமான முடி, ஒட்டிவைத்த ஒரு பொட்டு, ஓர் ஊக்கு, தன்னுடையதல்லாத ஒரு வாசனை. எது கிடைத்தாலும் அழுதிருப்பாள், கத்தியிருப்பாள், குழந்தையோடு ஊரப்பாக்கத்துக்கே திரும்பிப் போயிருப்பாள். எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த துக்கம் அது. எதுவும் கிடைக்கவில்லை. அப்போதுதான், தன் மனம் இவ்வளவு நேரமும் ஒரு பெண் கிடைத்துவிட வேண்டுமே என்று மன்றாடிக்கொண்டிருந்தது அவளுக்கே தெரிந்தது.

மணி இரண்டரை ஆகியிருந்தது. கதவுப் பூட்டின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. வரதன் போட்டுவிட்டான்.

எழில், சமையலறை.

அவள் சமையலறைக்குப் போனாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள், மூடிய ஜன்னல், நீலத் தீ இல்லாத அடுப்பு. திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். எழில், உள்ளறை. உள்ளறைக்குப் போனாள். மடித்த போர்வைகளிலிருந்து குழந்தைப் பவுடரின் வாசனை வந்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். வெறும் தரை. திரும்பி வந்தாள். எழில், சமையலறை. வச்சலா சொன்னது சரிதான். அது விலகிப்போனது. ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பெண்கள் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் நடப்பதுபோல், பதறாமல், வழிவிட்டு விலகியது.

அவள் தூளிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். விலகுவது நின்றுவிட்டது.

எழில், கூடம்.

பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி, மூச்சுக்கு ஒருமுறை விரிந்து சுருங்கியது. அனுவின் புள்ளி வேகமாக, குருவியின் நெஞ்சுபோல. விருந்தினரின் புள்ளியும் வேகமாக. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விருந்தினரின் புள்ளி நின்றது. எழிலின் புள்ளி நிற்கவில்லை. விரிந்தது. சுருங்கியது. நிதானமாக. தூங்கும் குழந்தையை நின்று பார்க்கிற ஒருத்தியின் மூச்சுபோல.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தூளி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் ஆட்டவில்லை.

எந்திரக் கோளாறு, எந்திரக் கோளாறு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அணைத்துவிட்டால் போய்விடும். மின்சாரப் பலகை வெளியே, வாசற்கதவுக்கு இடப்புறச் சுவரில் இருந்தது. இரண்டே அடி. அனுவைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று ஒரு கணம் கை நீண்டது. தூக்கிக்கொண்டு போனால், நம்பிவிட்டதாக ஆகிவிடும். அதை ஒப்புக்கொண்டபின் இந்த வீட்டில் எப்படிக் குடியிருப்பது? நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். உள்பக்கக் குமிழைத் திருகிக் கதவை அகலத் திறந்து, கண்ணைத் தூளியிலிருந்து எடுக்காமலே வெளியே கால் வைத்து, தடவிப் பார்த்து, பெரிய சுவிட்சைக் கீழே தள்ளினாள்.

எந்தத் திருடனும் முதலில் செய்வது அதுதான். பெட்டிக்குள் பேட்டரி வைத்து, அதைத்தான் அதற்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருந்தான் வரதன்.

கதவு தானாக இழுத்துக்கொண்டு மூடியது. பூட்டு இரண்டு முறை சுழன்றது. சைரன் அலறியது.

கைரேகைப் பூட்டில் விரலை வைத்தாள். எழில் உள்ளே இருப்பதாக அதன் கணக்கு, ஏற்கவில்லை. மறுபடி வைத்தாள். கதவின் மேலிருந்த சிறு திரையில் சிவப்பு எழுத்து. வெளியாள் ஒருவர், வாசல். போன் உள்ளே நாற்காலியில் கிடந்தது. எதிர்வீட்டில் பூட்டு தொங்கியது. அடுத்த வீட்டிலும். தெருமுனை வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, மாதக்கணக்காகக் கேட்டுப் பழகிய சத்தம் என்று மறுபடி துணியைப் பிழியத் தொடங்கினாள். எழில் இரு கையையும் ஆட்டினாள். அவள் திரும்பவில்லை.

கூடத்து ஜன்னலுக்கு ஓடினாள். பூந்தொட்டியால் கண்ணாடியை உடைத்தாள். உள்ளே இரும்புக் கம்பி. கையைத் தோள்வரை நுழைத்தாள். தூளிக்கும் விரலுக்கும் நடுவில் இன்னும் நான்கு முழம் இருந்தது. அனு விழித்துக்கொண்டு வீறிட்டாள். அந்தச் சத்தத்துக்கு எழிலின் மார்பில் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது.

உள்ளே பெட்டி பேசியது. வரதனின் குரல்.

"எழில், பயப்படாத. யாரோ கரண்ட நிறுத்திட்டு ஜன்னல ஒடைக்கிறாங்க. எனக்கு எல்லாம் தெரியுது. கதவ மட்டும் தெறக்காத."

அவள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். நாந்தாங்க எழில், நாந்தாங்க. சைரன் அதைத் தின்றது.

"வெளிய பொம்பள கொரல் மாதிரி கேக்குது. நீ ஜன்னல் பக்கம் போகாத, மா. ஆள் அனுப்பியிருக்கேன்." பிறகு வேறு யாரிடமோ, பெருமை மறையாத குரலில்: "பாருங்க சார், என் வொய்ஃப் கொழந்த பக்கத்துலயே நிக்கிறாங்க. எவ்ளோ அமைதியா மூச்சு விடறாங்க பாருங்க."

அமைதியாக.

கம்பியில் நெற்றியை முட்டினாள். கண்ணாடி கையைக் கிழித்தது. வலிக்கவில்லை.

"எழில், பாப்பா அழுவுறா பாரு," என்றான் வரதன், அவளிடம் மட்டும் பேசும்போது வரும் அந்த மெல்லிய குரலில். "தூக்கிக்கம்மா."

தூளி ஆட்டத்தை நிறுத்தியது.

துணியின் இரண்டு பக்கமும் விலகின. அனு மேலே வந்தாள். கழுத்து சாயவில்லை. பச்சைக் குழந்தையைத் தூக்கத் தெரிந்தவர்கள் தூக்குவதுபோல, தலைக்கு ஒரு தாங்கலும் முதுகுக்கு ஒரு தாங்கலுமாக, மெதுவாக, ஒரு பெண்ணின் நெஞ்சு உயரத்துக்கு வந்து, அந்த அரை வெளிச்சத்தில் ஒன்றுமில்லாத இடத்தில் சாய்ந்து படுத்தாள். அழுகை விக்கலாகித் தேய்ந்தது. சின்னக் கை ஒன்று எதையோ தேடிப் பற்றியது. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினாள். வாயைத் திறந்தாள்.

சைரன் நின்றது.

அந்த அமைதியில், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற எழிலுக்கு, தன் குழந்தை பால் குடிக்கும் சத்தம் கேட்டது.