மூன்றாவது மாடிப் பூட்டு

பெண்கள் விடுதியின் வாசலில் உரிமக்காரர் வேனை நிறுத்தினார். தீ எச்சரிக்கை மணி பொருத்தும் உரிமம் அவர் பெயரில். வேலை முழுதும் செய்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கையின் கணவர். ஒவ்வொரு மாடியையும் உரிமக்காரர் நேரில் சோதித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது சட்டம். முழங்கால் வலியைச் சாக்காக வைத்து, ஏறிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். இன்று சோதனைக்கு வரும் தீயணைப்புத் துறைப் பெண் அதிகாரி அனுமதி மறுத்தால் உரிமம் பறிபோகும். இரண்டு குடும்பங்களுக்கும் சோறு போடுவது அதுதான்.

போன வருடத் தீயில், மூன்றாவது மாடியில் திறக்காத கதவுக்குப் பின்னால் பெண்கள் கருகிய கட்டடம் அது. புதுப் பெயின்ட் அடித்தும் முடி பொசுங்கிய வாடை போகவில்லை.

"மேல ஸ்மோக் டிடெக்டருக்கெல்லாம் பிளாஸ்டிக் மூடியக் கழட்டல மச்சான். பெயின்ட் தூசி போகுமேன்னு விட்டு வச்சேன். மேடம் வர்றதுக்குள்ள கழட்டிடறேன்."

"இப்பதான் ஞாபகம் வந்துச்சா? கல்யாண நாளையும் இப்படித்தான் மறந்தீங்க மாப்ள."

"அதுக்கு உங்க தங்கச்சிகிட்ட வாங்கினது போதாதா? நீங்க வேற!"

சிரித்துக்கொண்டே மாப்பிள்ளை படியேறினார்.

சற்று நேரத்தில் மணி அலறியது.

கீழ்த்தளச் சுவரிலிருந்த எச்சரிக்கை மணிப் பேனலில் மூன்றாவது மாடிக்கான சிவப்பு விளக்கு. உரிமக்காரர் போனை எடுத்தார்.

"என்னத்தக் கழட்டினீங்க மாப்ள?"

"இன்னும் கையே வைக்கல. கதவு பூட்டியிருந்துச்சு, மணி அடிச்சதும் தானா திறந்துச்சு. உள்ள வந்தா எல்லாம் மூடியோடதான் இருக்கு. புகையே போகாது, எப்படி அடிக்கும்?" குரல் தணிந்தது. "மச்சான்... இங்க யாரோ இருமறாங்க."

வெளியே ஜீப் வந்து நின்றது.

மணி அடித்தால் மாடிக் கதவுகளின் மின்பூட்டுகள் தாமாக விலகும். ரீசெட் செய்தால் திரும்ப மாட்டிக்கொள்ளும். அது உரிமக்காரருக்குத் தெரியும். காரணமில்லாமல் மணி அடிப்பதை அதிகாரி கேட்டால் அனுமதி கிடைக்காது என்பதும் தெரியும்.

"மாப்ள, வெளிய வாங்க. நிறுத்தப் போறேன்."

"நிறுத்தாதீங்க! கதவை மறிச்சு நிக்கறாங்க. என் கைய—"

வாசற்படியில் செருப்புச் சத்தம்.

ரீசெட் பொத்தானை அழுத்தினார்.

மணி நின்றது. மேலே கதவு அறைந்து பூட்டிக்கொண்டது.

அப்புறம்தான் அந்த அலறல். போனில் எலும்பு முறியும் ஓசை. சதை பொரியும் ஓசை. பல தொண்டைகளின் இருமல்.

"மேல யாருங்க?" அதிகாரி உள்ளே ஓடிவந்தார்.

"என் மாப்ள, மேடம்!"

பேனலின் மின்சாரத்தையே துண்டித்தார். மின்சாரம் போனால் விலக வேண்டிய பூட்டு விலகவில்லை. முழங்கால் வலியை மறந்து மேலே ஓடிக் கதவில் மோதினார். தோள் கிழிந்து ரத்தம் வழிந்தது.

அலறல் ஓய்ந்த பிறகு கதவு தானாகவே திறந்தது.

சுவரில் ஒரு பொட்டுக் கரி இல்லை. தரையில் மாப்பிள்ளை கிடந்தார். இரண்டு கைகளும் தோளோடு பின்பக்கம் முறுக்கப்பட்டிருந்தன. முகம் பல்வரை வெந்திருந்தது. கதவின் உட்புறம் முழுக்கச் சின்னச் சின்ன உள்ளங்கைகளின் தீத்தடம்.

"உள்ள எத்தனை பேர் இருந்தாங்க?" அதிகாரி கிசுகிசுத்தார்.

"ஒருத்தர்தான்."

"கதவை யார் பூட்டினது?"

"நான்தான் மேடம்."

அவர் கையிலிருந்த போன் அதிர்ந்தது. தங்கை.

"அண்ணே, வேலை அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா? இவர் வந்து கதவைத் தட்டறார். கூட நாலஞ்சு பொண்ணுங்க வேற, ஒரே இருமல். யாருண்ணே இவங்க?"

"திறக்காத!"

"நல்லாருக்கே! அவரை வெளிய நிக்க வச்சா சும்மா விடுவாரா?"

போனில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.