பதினேழு மீட்டர்

கப்பல் கிளம்ப ஐந்து மணி நேரம் இருந்தது. அதற்குள் துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த பழைய கல்லறையைப் பார்த்துவிடலாம் என்று கணவர்தான் அவளை இழுத்து வந்தார். ஏதோ ஒரு ராணியைப் புதைத்த இடமாம். குனிந்து குனிந்து படியிறங்கினால் பாறைக்குள் குடைந்த ஓர் அறை. வெயில் ஒருநாளும் தொட்டிராத கல்லின் ஈர வாடை. அதற்கு அடியில், அங்கே இருக்கவே கூடாத இன்னொரு வாடை. நாளெல்லாம் படுக்கையில் வியர்த்த முதுகில் போட்ட பவுடர்.

"நம்ம கப்பல் ரூம் இதைவிடச் சின்னதாம். கட்டின காசுக்கு இங்கேயே தங்கிடலாமா?" என்ற கணவர் சுவரைப் பார்த்து, "ஓய்" என்று கத்தினார். ஒன்றும் திரும்பி வரவில்லை.

"எதிரொலி வராதுங்க. சுவர் பதினேழு மீட்டராவது தள்ளி இருக்கணும். இது அஞ்சு மீட்டர்கூட இல்ல."

"லீவுலயும் பாடமா டீச்சர்?" அவர் சிரித்தார். "மூணு வருஷம் எங்கம்மாவைப் பெத்த பொண்ணு மாதிரி பார்த்துக்கிட்டே. இந்தப் பத்து நாளாவது எல்லாத்தையும் மறந்துட்டு இரு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் இறந்த இரவில் அசந்து தூங்கிவிட்டதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். தூங்கினது ஒரு தப்பா என்று தேற்றியதும் இவர்தான். அந்த நம்பிக்கை உடைந்தால் இவர் முகத்தில் அவளால் விழிக்க முடியாது.

வெளியே காத்திருந்த டாக்ஸிக்காரர் ஹார்ன் அடித்தார். கணவர் முன்னால் ஏறிப் போனார். மேலிருந்து, "கிளம்பலாமா?" என்றார்.

"தோ, வரேன்."

"வா."

பின்னாலிருந்து.

எதிரொலி இல்லை. எதிரொலியென்றால் சொல்லின் வால்தான் மிஞ்சும். பக்கவாதத்துக்குப் பிறகு மாமியாருக்கு மிஞ்சியிருந்த ஒரே சொல் இது. தாகத்துக்கும் 'வா', வலிக்கும் 'வா'. பக்கத்து அறையிலிருந்து ஒவ்வொரு முறை கேட்கும்போதும், 'வரேன் அத்தை' என்பாள். போவாள். பெரும்பாலும் போவாள்.

பவுடர் வாடை நெருங்கியது. படிகளில் ஓடினாள். செருப்பு வழுக்கியது. வெளிச்சம் போயிற்று. மேலே வாசலை மறைத்துக்கொண்டு யாரோ கை நீட்டினார். அப்பாடா. பற்றிக்கொண்டாள்.

பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் இறுக்கின. மற்றவை ஈரத்துணி போலத் துவண்டு கிடந்தன.

வெளியே, வெகு தூரத்தில், கணவரின் குரல். "டாக்ஸி நிக்குது. வரியா இல்லையா?"

கை குளிர்ந்திருந்தது. இழுக்கவில்லை. விடவும் இல்லை. காத்திருந்தது.

"அன்னிக்கு நான் தூங்கல அத்தை," என்றாள். "விடியற வரைக்கும் நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு. கேட்டுக்கிட்டேதான் படுத்திருந்தேன்."