இருபத்திரண்டு விநாடிப் பாட்டு

திண்டுக்கல் பாட்டுத்தட அலுவலகத்தில் திங்கட்கிழமைதான் கூட்டம் அதிகம். ஞாயிறு முழுக்க வீட்டில் உட்கார்ந்து விளம்பரம் பார்த்தவர்கள் மறுநாள் காலை ஒன்பதரைக்கெல்லாம் வரிசையில் நின்றுவிடுவார்கள். ஒவ்வொருவர் வாயிலும் ஒரு பாட்டின் துண்டு இருக்கும். மறந்துவிடக் கூடாதே என்று பஸ்ஸிலும் முணுமுணுத்துக்கொண்டே வருவார்கள். முன்னால் நிற்பவரின் பாட்டு பின்னால் நிற்பவரின் பாட்டைக் கலைத்துவிடும் என்பதால், ‘வரிசையில் பாடக் கூடாது’ என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள்.

“அடுத்து யாருங்க? பெயின்ட் விளம்பரமா, பிஸ்கட்டா?” என்று கூப்பிட்டார் கருப்பணன். தடங்காட்டியை இயக்குபவர் அவர். அதன் முன்னால் ஒருவர் முனகினால் போதும். இதுவரை பதிவான பாட்டுகள் அத்தனையையும் சலித்து, அந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று அது ஒரு சீட்டில் அச்சடித்துத் தரும்.

“கட்டில் விளம்பரமுங்க” என்று சொல்லிவிட்டு ஒரு பெரியவர் முனகினார். சீட்டு வந்தது.

“ஐயா, இது கட்டில் இல்ல. நீங்க வந்த பஸ்ல போட்ட பாட்டு. போய் டீ குடிச்சிட்டு, நிதானமா ஞாபகப்படுத்திட்டு வாங்க.”

ஒரு காலத்தில் விளம்பரப் பாட்டு எல்லா வீட்டுக்கும் ஒன்றாகத்தான் இருந்தது. மெட்டுக் கட்டும் இயந்திரமான இசைநெய்வி வந்த பிறகு அது மாறிவிட்டது. படம் எல்லோருக்கும் ஒன்று. மெட்டு மட்டும் வீட்டுக்கு வீடு வேறு. தொலைக்காட்சியின் மேல் விளிம்பில் துவரம்பருப்பு அளவில் ஒரு விழிமானி இருக்கும். எந்தச் சுரத்தில் யாருடைய கண் விரிந்தது, எந்த இடத்தில் கழுத்து திரும்பியது என்பதை அது குறித்துக்கொள்ளும். மறுநாள் அதற்கேற்ப மெட்டு கொஞ்சம் மாறும். இப்படி நாள்தோறும் மாறி மாறி, பார்ப்பவர் மனதில் போய்த் தைக்கும்வரை நெய்யப்படுவதற்கு நெய்யிசை என்று பெயர். தைத்த பிறகுதான் தொல்லை. ‘இதை எங்கோ கேட்டிருக்கிறேனே’ என்று மனம் அரிக்கும். பக்கத்து வீட்டில் கேட்டுப் பயனில்லை, அவர்கள் கேட்டது வேறு மெட்டு. வேலைக்குப் போகாமல் பாட்டைத் தேடி அலைந்தவர்கள் பெருகியதால், கேட்பவருக்கு மூலத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. மாவட்டத்துக்கு ஓர் அலுவலகம் வந்தது. தடங்காட்டிக்குப் பிடிபடாத மெட்டென்றால், அதை நெய்த நிறுவனம் இருபத்தொரு நாளுக்குள் பதில் தர வேண்டும்.

தில்லைநாயகி அங்கே பதினோரு வருடமாகத் தட அலுவலர். தடம் கிடைக்காத பாட்டுக்கு ‘இன்னாருடையதாக இருக்கலாம்’ என்று அவள் ஒரு முறைகூட எழுதித் தந்ததில்லை. கெஞ்சினாலும் எழுத மாட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை அவள் மேசைக்கு வந்தவர் முனகவில்லை. கைப்பேசியை எடுத்து முன்னால் வைத்தார்.

“பதிவு பண்ணிட்டு வந்திருக்கேன் மேடம். நான் பாட மாட்டேன். பாடினா என் வீட்டுக்காரியே எந்திரிச்சு ஓடிருவா” என்றார். சொன்னபின் அவருக்கே அந்தப் பேச்சு பிடிக்காமல் போய், தலையைக் குனிந்துகொண்டார்.

பெயர் இருதயராஜ். வத்தலக்குண்டு. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பிலோமினாவுக்கு ஏழு மாதத்துக்கு முன் பக்கவாதம். கண் திறந்திருக்கும், பேச்சில்லை, அசைவில்லை. கூப்பிட்டால் தெரிவதில்லை. இனி இப்படித்தான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

“தனியா கிடக்காளேன்னு டிவியைப் போட்டு விட்டுட்டு நான் சமையல்கட்டுல இருப்பேன். போன மாசம் ஒருநாள் கஞ்சி எடுத்துட்டு வர்றேன், ஒரு கிரைண்டர் விளம்பரம் ஓடுது. இவ தலையைத் திருப்புறா மேடம்.”

“டிவி பக்கமா?”

“ஆமா. பாட்டு முடிஞ்சதும் தலை பழையபடி போயிடுது. தினம் பதினோரு மணிக்கு அந்த விளம்பரம் வரும். தினம் திரும்புறா. நான் கட்டில் ஓரத்துல டிவிக்கு முதுகைக் காட்டி உக்காந்து அவ மூஞ்சியவே பார்ப்பேன்.”

“பதிவு பண்ணினதைப் போட்டுப் பார்த்தீங்களா?”

“ரெண்டு நாள் திரும்பினா. மூணாம் நாள் திரும்பலை. டிவியில வர்றதுக்குத்தான் திரும்புறா. இருபத்திரண்டு விநாடி மேடம், நான் எண்ணிட்டேன். ஒரு பாட்டுன்னா நாலு நிமிஷமாவது இருக்கும்ல? மிச்சத்தைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. இதுக்கே தலை திரும்புதுன்னா, முழுப் பாட்டையும் கேட்டா அவ இன்னும் கொஞ்ச தூரம் வருவா.”

தடங்காட்டி அரைமணி நேரம் சலித்துவிட்டு வெற்றுச் சீட்டைத் தந்தது. நிறுவனத்துக்கு எழுத வேண்டியதுதான். இருதயராஜ் மனுவை நிரப்பிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

“‘பாட்டால் ஈர்க்கப்பட்டவர்’னு இருக்கு. இதுல அவ பேரையா போடணும்?”

“அவங்க கையெழுத்துப் போடுவாங்களா சார்?”

“அவ எங்க போட?”

“கைரேகைன்னா டாக்டர் சான்று வேணும். நாங்க நேர்ல வந்து பார்க்கணும். ரெண்டு மாசம் இழுத்துரும். உங்க பேரையே போட்டுருங்க. பாட்டு ஒண்ணுதானே.”

அவர் தன் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. தில்லைநாயகி அவரை எதிரில் உட்காரவைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். முழுப்பாடல்: இல்லை. இருபத்திரண்டு விநாடிக்கு மேல் ஒரு சுரமும் நெய்யப்படவில்லை. பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்ற இடங்களில் கோடு போட்டிருந்தது. அதன் கீழே ஓர் அட்டவணை.

“முதல் முப்பது நாள், பலன் இல்லைன்னு போட்டிருக்காங்க. முப்பத்தோராம் நாள், இடது இமை ஒரு தடவை. அம்பத்திரண்டாம் நாள், கருவிழி. அறுபத்தஞ்சுல திரும்பவும் ஒண்ணுமில்லை. தொண்ணூத்தேழாம் நாள், தலை பதினோரு பாகை.” அவள் தாளைக் கீழே வைத்தாள். “இது எங்கேயும் இருந்த பாட்டு இல்லை சார். உங்க வீட்டம்மா எதுக்கு அசைஞ்சாங்களோ அதை வச்சுக்கிட்டு, அசையாததைத் தள்ளித் தள்ளிச் செஞ்சிருக்கு.”

இருதயராஜ் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து, முதல் முப்பது நாள் என்ற வரியையே வெகுநேரம் பார்த்தார்.

“நான் பத்து நாள் கூப்பிட்டுப் பார்த்தேன். பிலோ, பிலோன்னு. பதினோராம் நாள் விட்டுட்டேன்” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கிரைண்டர் விக்கிறதுக்குத்தான்னு தெரியுது. ஆனாலும் அந்த மெஷினுக்கு நன்றி சொல்ல ஏதாவது ஃபாரம் இருக்கா மேடம்?”

“அதுக்கு இன்னும் ஃபாரம் அடிக்கலை” என்றார் பின்னாலிருந்து கருப்பணன். மூவரும் கொஞ்சம் சிரித்தார்கள்.

வியாழக்கிழமை அவர் மறுபடியும் வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

“பாட்டு மாறிப்போச்சு மேடம்.”

“எப்போ?”

“நேத்து. பதினோரு மணிக்கு அதே கிரைண்டர், அதே படம். பாட்டு வேற. நான் முதுகைக் காட்டித்தான் உக்காந்திருந்தேன். காதுல விழுந்ததும் திரும்பிட்டேன். மேடம், அப்படி ஒரு பாட்டை நான் என் ஆயுசுல கேட்டதில்லை. அழுதுட்டேன். முடிஞ்ச பிறகுதான் அவளைப் பார்த்தேன். அவ சும்மா கிடந்தா. இன்னைக்கும் அப்படித்தான்.” அவர் குரல் இறங்கியது. “இன்னைக்கு நான் அவளைப் பார்க்கவே இல்லை. எப்ப பதினோரு மணி ஆகும்னு டிவியவே பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

தில்லைநாயகி மனுவின் நகலை எடுத்தாள். என்ன நடந்திருக்கும் என்பது நகலைப் பார்ப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மனு நிறுவனத்துக்குப் போகும்போது, ஈர்க்கப்பட்டவரின் பெயர் இசைநெய்விக்கும் போகும். கண்ணை விரித்தவரைவிட, கழுத்தைத் திருப்பியவரைவிட, பஸ் ஏறி அலுவலகம் வந்து மெட்டைக் கேட்டவர்தான் அதன் கணக்கில் ஆழமாக ஈர்க்கப்பட்டவர். அந்த வீட்டில் இனி யாருக்காக நெய்ய வேண்டும் என்று அது முடிவு செய்துவிட்டது.

“தப்பு என்மேல சார். உங்க பேரைப் போடச் சொன்னது நான்தான்.”

“கையெழுத்துப் போட்டவன் நான்ல” என்றார் அவர். “விடுங்க. பழையபடி மாத்த வழி இருக்கா?”

அன்றைக்கே அவள் நிறுவனத்துக்குத் தன் கைப்பட எழுதினாள். பதில் மூன்று பத்தியில் வந்தது. பழைய நெசவைச் சேமித்து வைப்பதில்லை. வேண்டுமென்றால் முதலிலிருந்து தொடங்கலாம்; சுமார் நான்கு மாதம் ஆகும். நிபந்தனை ஒன்று: விளம்பர நேரத்தில் அந்த அறையில் ஒரே ஒரு பார்வையாளர்தான் இருக்க வேண்டும். மனுதாரரின் முகமோ உருவமோ ஒருமுறை தென்பட்டாலும் நெசவு அவர் பக்கம் சாயும், அதைத் தடுக்க இயலாது. முக்கியமாக, அதுவரை அந்த வீட்டில் கிரைண்டர் வாங்கிவிடக் கூடாது. வாங்கிய வீட்டுக்கு விளம்பரம் போகாது.

இருதயராஜ் சம்மதித்தார். அவர் அனுப்பிய கடிதங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கின்றன. பத்து ஐம்பத்தைந்துக்கு வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவதாக முதல் கடிதத்தில் எழுதியிருந்தார். அறைக்குள் கேமரா வைத்துப் பார்க்கலாமா என்று இரண்டாவதில் கேட்டிருந்தார். வீட்டில் கண் உள்ள எந்தக் கருவியும் விழிமானியோடு பேசிவிடும், வேண்டாம் என்று தில்லைநாயகி பதில் எழுதினாள். மூன்றாவது கடிதம் மன்னிப்புக் கடிதம். கதவில் சின்னதாக ஒரு துளை போட்டாராம். ஒன்பதாம் நாள் பாட்டில் அவருக்குப் பிடித்த ஓர் இழுப்பு வந்துவிட்டதாம். துளைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒற்றைக் கண்ணை விழிமானி கண்டுகொண்டுவிட்டது. துளையை எம்சீல் வைத்து அடைத்துவிட்டேன், மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணுகிறேன் என்று முடித்திருந்தார்.

நூற்றுநான்காம் நாள் ஒரு சனிக்கிழமை. தில்லைநாயகி வத்தலக்குண்டுக்குப் போனாள். அரசாங்க வேலையாக இல்லை.

“வாங்க மேடம். நல்ல நேரத்துக்கு வந்தீங்க” என்று நாற்காலி போட்டார் இருதயராஜ். மனைவிக்கு முகம் துடைத்து, தலையை நேராக வைத்து, தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். இருவரும் சாத்திய கதவின் முன் உட்கார்ந்தார்கள்.

பதினோரு மணிக்கு அந்தப் பாட்டு வந்தது. தில்லைநாயகி பதினோரு வருடத்தில் ஆயிரக்கணக்கான மெட்டுகளைக் கேட்டவள். இதில் எதுவுமே இல்லை. மூன்றே சுரம், நடுவில் நீண்ட இடைவெளி, யாரோ எதையோ தேடி அடி வைப்பதைப் போல.

“நமக்கு ஒண்ணும் தோணலை இல்லையா?” என்று கிசுகிசுத்தார் அவர். “அப்படின்னா சரியாப் போகுதுன்னு அர்த்தம்.”

பாட்டு நின்றது. அவர் எழவில்லை.

“இப்ப திரும்பியிருப்பாளா மேடம்? அந்த அட்டவணையை மறுபடி கேட்டு வாங்க முடியாதா? நீங்க கேட்டா?”

“அட்டவணைக்கு மனுதான் போடணும் சார். யார் போட்டாலும் அவங்க பேர் போயிடும். அடுத்து எனக்காக நெய்ய ஆரம்பிச்சிரும்.”

அவர் தலையாட்டினார். வேறு விளம்பரம் தொடங்கியதும் உள்ளே போய்த் தொலைக்காட்சியை அணைத்தார். பிலோமினாவின் தலை அவர் வைத்துவிட்டுப் போனபடியே நேராக இருந்தது. கண் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருதயராஜ் கட்டிலருகே குனிந்து, தலையணையின் டிவிப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தார். பிறகு மறுபக்கத்தில் வைத்தார்.

“இந்தப் பக்கம் சூடா இருக்கு” என்றார். “தொட்டுப் பாருங்க மேடம். கன்னம் பட்ட சூடு.”

தில்லைநாயகி கையை வைத்தாள். அந்தப் பக்கம், பிறகு இந்தப் பக்கம். அவளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. இருதயராஜ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா சார், சூடாத்தான் இருக்கு” என்றாள்.