கேட்டால்தான் சோறு!

அருளப்பு கிணற்றுக்குள் கிடந்தான்.

முகம் தண்ணீருக்குள்... முதுகு மட்டும் வெளியே!

சிலாபத்துக்கு வடக்கே, கடலோரத் தென்னந்தோட்டம். ஆண்டு 1936. ஞாயிற்றுக்கிழமை காலை. ஊரே பூசைக்குப் போயிருந்தது. தோட்டத்தில் மிஞ்சியவர்கள் மூன்றே பேர்.

ஒருவன் கிணற்றுக்குள் கிடந்த அருளப்பு. மூத்த மகன்.

அடுத்தவன் அவனைத் தள்ளிவிட்ட நிக்கொலஸ். இளைய மகன்.

மூன்றாமவர் பேதுரு. இரண்டு பேருக்கும் தகப்பன். தோட்டத்துக்கும் சொந்தக்காரர். தோட்டத்தை மூத்தவன் பேருக்கு எழுதப் போவதாக முதல் நாள்தான் வாய் தவறிச் சொல்லியிருந்தார்.

பேதுரு எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்!

கொப்பரா காயவைக்கும் கொட்டிலுக்குப் பின்னாலிருந்து வந்தவர், இளையவன் மூத்தவனின் முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளியதை முழுசாகக் கண்டார். கத்துவதற்கு வாயைத் திறந்தார்...

சத்தம் வரவில்லை.

வாய் ஒரு பக்கம் கோணியது. வலது கை தொங்கியது. நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்தார்.

நிக்கொலஸ் கையை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துக்கொண்டு கிட்டப் போய்க் குனிந்து பார்த்தான். மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண் அவனை விட்டு அசையவில்லை.

அதற்குப் பிறகுதான் அவன் அலறினான். அழகாக அலறினான்! சனம் ஓடி வந்தது. மூத்தவன் கால் வழுக்கி விழுந்தான்... பிணத்தைக் கண்ட அதிர்ச்சியில் தகப்பனைப் பாரிசவாதம் அடித்தது... ஊர் இப்படித்தான் நம்பியது. பாவம் நிக்கொலஸ், ஒரே நாளில் இரண்டு இடி என்று உச்சுக் கொட்டியது. ஊருக்கு எப்போதுமே மூளை கொஞ்சம் மட்டுத்தான்.

ஆஸ்பத்திரி டாக்டர் வந்து பேதுருவின் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். நிக்கொலஸின் தோளில் தட்டினார்.

"பயப்படாதீங்க. மூளை தெளிவா இருக்கு. நாக்குத்தான் வேலை செய்யல்ல. நல்ல இடத்தில வெச்சுப் பார்த்தா, கொஞ்ச மாசத்தில கதைப்பார்."

நிக்கொலஸ் தொட்டுப் பார்த்துக்கொண்டான்... தன் கழுத்தை!

தகப்பன் கதைத்தால் அவன் தூக்கில் தொங்குவான். விசயம் அவ்வளவுதான்.

தலையணையை எடுத்து முகத்தில் அமுக்குவது ஒரு நிமிட வேலை. ஆனால் பேதுருவின் தங்கை அனஸ்தாசியா கட்டில் காலோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செபமாலையும் கையுமாக! போதாததற்கு, ஒரே வீட்டில் அடுத்தடுத்து இரண்டு சாவு என்றால் பொலிசுக்கு மூக்கு வேர்க்கும். கிழவர் சாக வேண்டும். தூரத்தில் சாக வேண்டும். யாரும் கொல்லாமல் சாக வேண்டும்.

வாதக்காரரை வைத்துப் பராமரித்துத் தேற்றி அனுப்பும் இல்லங்கள் இரண்டு இருப்பதாக டாக்டர் சொன்னார். இரண்டையும் தானே நேரில் போய்ப் பார்த்து, தரம் எடை போட்டுத்தான் அப்பாவை ஒப்படைப்பேன் என்றான் நிக்கொலஸ். அனஸ்தாசியாவுக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும்?

முதல் இல்லம் சிலாபத்துக்குக் கிட்ட. கன்னியாஸ்திரிகள் நடத்துவது. சிஸ்டர் மாக்கிறட் என்பவர் அவனைக் கட்டில் கட்டிலாகக் கூட்டிக்கொண்டு போனார்.

நிக்கொலஸ் நிறையக் கேட்டான். நோயாளியை எத்தனை தரம் புரட்டிப் படுக்க வைப்பீர்கள்? யார் ஊட்டுவது? ராத்திரியில் யார் முழிப்பு? மெத்தையைத் தூக்கிப் பார்த்தான். ஒரு கிழவரின் முதுகைக்கூடத் திருப்பிப் பார்த்தான்.

ஒருத்தருக்கும் படுக்கைப் புண் இல்லை. நிக்கொலஸுக்கு அது பிடிக்கவில்லை.

சுவரோரக் கதிரையில் ஒரு மனிதர் உட்கார்ந்து மாதா பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். சிஸ்டர் பெருமையாகக் காட்டினார்.

"வரக்குள்ள இவருக்கு ஒரு சொல்லும் வராது. ஒவ்வொரு நாளும் பக்கத்தில இருந்து செபம் சொல்லிக் குடுத்தம். இப்ப வாயை மூடச் சொன்னாலும் மூட மாட்டார்."

நிக்கொலஸ் வியர்வையைத் துடைத்தான். உங்க அப்பாவையும் இப்படி ஆக்கிக் காட்டுகிறோம் என்று சிஸ்டர் வாக்குக் கொடுத்தபோது அவன் பாதி வாசலைத் தாண்டியிருந்தான்.

வீட்டுக்கு வந்து அனஸ்தாசியா மாமியிடம், அங்கே சுவரெல்லாம் ஈரம், அப்பாவுக்குச் சளி பிடித்துவிடும் என்றான். கூசாமல் சொன்னான்.

இரண்டாவது இல்லம் கண்டக்குழியில். புத்தளம் வரை ரயில். உப்புநீர்க் களப்பைக் கடந்து கற்பிட்டிக்கு வள்ளம். அங்கிருந்து மணலில் மாட்டுவண்டி. உறவுக்காரர் யாரும் அடிக்கடி எட்டிப் பார்க்க முடியாத தூரம். போகும்போதே நிக்கொலஸுக்குப் பிடித்துப்போயிற்று.

நடத்துகிறவள் டொறத்தி. கொழும்பில் தாதியாக இருந்து விலக்கப்பட்டவள். ஏன் விலக்கினார்கள் என்று அவன் கேட்கவில்லை. விலக்கினார்கள் என்பதே போதுமாக இருந்தது!

கிடுகு வேய்ந்த நீளமான மண்டபம். மூத்திர வாடை. பாயில் வரிசையாக மனிதர்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஒரு நீள மர வாங்கின் மேல் பிளேட்டுகள். சோறு, பொரித்த மீன், சொதி. எல்லாருடைய கண்ணுக்கும் தெரிகிற உயரத்தில்... எவருடைய கைக்கும் எட்டாத தூரத்தில்!

ஒருவர் தொண்டையைக் கிழித்துக்கொண்டு "சோறு" என்றார். பிளேட் வந்தது.

பவுலினா என்ற கிழவி கையை நீட்டினாள். அழுதாள். பிளேட்டைக் காட்டி வாயைக் காட்டினாள். டொறத்தி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கடைசியில் ஒரு சிரட்டை கஞ்சித்தண்ணியைக் கிழவியின் வாயில் ஊற்றிவிட்டு, அவளுடைய மீனை வெளியே நின்ற நாய்க்குப் போட்டாள்.

"அவவுக்கு ஏன் குடுக்கல்ல, மிஸ்ஸி?" என்றான் நிக்கொலஸ். குரலில் ஆசை தெரிந்துவிடாமல் பார்த்துக்கொண்டான்.

"இங்க வாய் திறந்து கேட்டாத்தான் சோறு. கை காட்டினா இல்ல, கண்ணீர் விட்டா இல்ல. கேட்டா எதுவும் குடுப்பேன். இல்லெண்டு சொல்ற வழக்கமே இல்ல."

"கேக்க ஏலாதவங்க?"

"கஞ்சித்தண்ணியில கிடப்பாங்க."

"எவ்வளவு காலத்துக்கு?"

"கேக்கும் வரைக்கும்." டொறத்தி கடல் பக்கம் கையைக் காட்டினாள். "இல்லாட்டி அங்க போகும் வரைக்கும்."

மண்டபத்துக்குப் பின்னால், மணலில், சின்னச் சின்னச் சிலுவைகள்.

"இப்படி ஒரு இடத்தைத்தான் மிஸ்ஸி தேடினேன்" என்றான் நிக்கொலஸ். அண்ணனைக் கொன்ற நாள் தொட்டு அவன் சொன்ன முதல் உண்மை அது.

அடுத்த கிழமையே பேதுரு கண்டக்குழி மணலில் இறக்கப்பட்டார். கடல் காற்று பட்டால் சுகமாகும் என்று மாமிக்குச் சொல்லியாயிற்று. ஆள் போய்ப் பார்த்தால் நோயாளிக்கு மனம் குழம்பும், ஒருத்தரும் போகக் கூடாது என்றும் சொல்லியாயிற்று.

புறப்படும்போது நிக்கொலஸ் தகப்பனின் நெற்றியில் முத்தமிட்டான். காதுக்குள் குனிந்தான்.

"இங்க கேட்டாத்தான் சோறு, அப்பா. கேளுங்க."

சிரித்தான். போய்விட்டான்.

பேதுருவுக்கு எல்லாம் விளங்கியது. ஒரு மகனைத் தின்றவன் தன்னையும் தின்ன விட்டுப் போகிறான் என்று விளங்கியது. அழுதார். அழுகைக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது என்பதும் சீக்கிரமே விளங்கியது.

பசி வந்தது. நாக்கு வரவில்லை.

மீன் வாசம் மூக்கில் ஏறும். பேதுரு முக்குவார், முனகுவார், எச்சில் வழியும். டொறத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். விளங்கல்ல என்பாள். பிளேட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். நாய் கொழுத்தது. பேதுருவின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

செத்திருக்க வேண்டியவர். சாகவில்லை. ஏன் தெரியுமா? வயிற்றில் பசி இருந்தது... நெஞ்சில் அதைவிடப் பெரிய ஒன்று இருந்தது! இரண்டும் சேர்ந்து அந்தச் செத்த நாக்கை அடித்து அடித்து எழுப்பின.

ஒரு மத்தியானம் "சோ" என்றார்.

டொறத்தி நின்றாள். யோசித்தாள். அரைச் சொல்லுக்கு அரைப் பிளேட் வைத்தாள். மீன் வைக்கவில்லை. மீன் கேட்கவில்லையே!

பேதுரு இடது கையால் அள்ளி விழுங்கினார். பிறகு முழுச்சோறு கேட்கப் படித்தார். மீன் கேட்கப் படித்தார். தண்ணி, போர்வை, தலகாணி... ஒவ்வொரு சொல்லும் வியர்த்து விறுவிறுத்து வந்தது. கேட்டது கேட்டபடி கிடைத்தது.

பக்கத்துப் பாயில் பவுலினா அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒரு நாள் பேதுரு தன் பிளேட்டை வாங்கிக்கொண்டு, அவளைக் காட்டி, "அவவுக்கும்" என்றார்.

"அவ வாயால அவ கேக்கட்டும்" என்றாள் டொறத்தி.

பவுலினா கேட்கவில்லை. அந்தக் கிழமையே மண்டபத்துக்குப் பின்னால் சிலுவை ஒன்று கூடியது. இதைச் சொல்ல எனக்கே வாய் கசக்கிறது. டொறத்தியின் வாய்க்கு ஒன்றும் கசக்கவில்லை. அன்றைக்கு அவள் இரண்டு மீன் தின்றாள்.

மறுநாள் காலை பேதுரு புதிதாக ஒன்று கேட்டார்.

"பொ... லிசு."

டொறத்திக்கு முகம் மாறியது. ஆனால் சட்டம் அவள் போட்ட சட்டம். கேட்டால் இல்லையென்று சொன்னதாக இதுவரை யாரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை அவளுக்குப் பெரிசு. கற்பிட்டிக்கு ஆளை அனுப்பினாள்.

பொலிசு சார்ஜன் ஹாசிம் வந்து பாயின் பக்கத்தில் உட்கார்ந்தார். பேதுரு ஒவ்வொரு சொல்லாகத் துப்பினார். மகன்... தள்ளினான்... கிணறு... பார்த்தேன். ஹாசிம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் தலையை ஆட்டினார்.

"நான் நம்புறேன், அப்பச்சி. ஆனா கோட்டில ஒங்கட இந்த நாக்கை அவனுக்கு வழக்குப் பேசுற புறக்டர் துண்டு துண்டாக் கிழிச்சிப் போடுவார். அவன்ட வாயால வரணும்."

பேதுரு யோசித்தார். கோணல் வாயில் ஒரு சிரிப்பு வந்தது. டொறத்தியிடம் இன்னொன்று கேட்டார்.

"தந்தி... அடி. நான்... செத்துட்டேன்."

தந்தி போயிற்று.

நிக்கொலஸ் வந்தான்! கறுப்புக் கோட்டும் சிவந்த கண்ணுமாக வந்தான். பின்னால் வண்டியில் அனஸ்தாசியா மாமி. மாமிக்குப் பின்னால் சிலாபத்திலேயே செய்வித்த சவப்பெட்டி. பலா மரம், பித்தளைப் பிடி. செத்த தகப்பனுக்கு எந்தக் குறையும் வைக்கக் கூடாதல்லவா!

பெட்டியை வாசலில் இறக்கினார்கள். அப்பாவோடு கொஞ்ச நேரம் தனியாக இருக்க வேண்டும் என்று நிக்கொலஸ் விம்மினான். மாமியை வெளியே நிற்கச் சொன்னான். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். வாசல்படியில் குனிந்துதான் உள்ளே போனான்.

மண்டபத்தை ஒட்டி, கிடுகுத் தட்டி மறைத்த சின்ன அறை. மூலையில் ஒரு கட்டில். அதன் மேல் தலை தொட்டுக் கால் வரை மூடிய வெள்ளைத் துணி.

நிக்கொலஸ் கதவைச் சாத்தினான். கண்ணைத் துடைத்தான். ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் காலைப் போட்டு உட்கார்ந்தான். இத்தனை மாதமாக நெஞ்சுக்குள் கிடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல அவனுக்கு இருந்தது. பிணத்தைவிடப் பாதுகாப்பான ஆள் யார்?

"நல்லது, அப்பா. அண்ணனைத் தள்ளினதைக் கண்ட ஆள் நீங்க ஒருத்தர்தான். கடைசி வரைக்கும் வாயே திறக்காமப் போயிட்டீங்க."

துணி அசைந்தது.

"திறந்திட்டேன்."

சுருட்டு கீழே விழுந்தது.

துணி மெல்ல இறங்கியது. கோணல் வாய்... அசையாத அந்தக் கண்! நிக்கொலஸ் பின்வாங்கினான். முதுகு கிடுகுத் தட்டியில் இடித்தது. தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து அவன் கழுத்துப் பட்டியைப் பிடித்தது. சார்ஜன் ஹாசிம்! அவருக்குப் பக்கத்தில், பின்வாசலால் சத்தமில்லாமல் கூட்டி வரப்பட்ட அனஸ்தாசியா. ஒரு சொல் தப்பாமல் கேட்டிருந்தாள்.

மாமி அழவில்லை. நேரே வந்து அவன் முகத்தில் காறித் துப்பினாள்.

விலங்கு பூட்டியாயிற்று. டொறத்தி முன்னால் வந்து, எல்லாம் தன் வைத்தியத்தால்தான் என்று ஆரம்பித்தாள். ஹாசிம் அவளையும் வண்டியில் ஏறச் சொன்னார். பின்னால் உள்ள சிலுவைகளைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டுமாம்.

"கேட்டதெல்லாம் குடுத்தேன்தானே, சார்ஜன்" என்றாள் டொறத்தி.

"கேக்காத ஆக்களைப் பத்தித்தான் நானும் கேக்கப் போறேன்" என்றார் ஹாசிம்.

நிக்கொலஸ் திமிறினான். தள்ளிக்கொண்டு போனார்கள். வாசலில் அந்தப் பெட்டி வழியை மறித்துக் கிடந்தது. பித்தளைப் பிடி வெயிலில் மின்னியது. அவன் கால் தானாக நின்றது. அப்பா என்று கெஞ்சினான். நான் உங்க பிள்ளை என்றான். ஒரு சொல் சொல்லுங்கள் என்றான்.

பேதுரு இடது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். பெட்டியை ஒரு தரம் அளந்து பார்த்தார். மகனை உச்சி தொட்டு உள்ளங்கால் வரை அளந்து பார்த்தார். சொற்கள் மெதுவாக வந்தன. ஆனால் ஒன்றும் தடுமாறவில்லை.

"பெட்டி உனக்குக் கொஞ்சம் கட்டை, மகன்... காலை மடக்கிக்கொண்டு படு."